ஏற்காட்டில் காசில்லாமல் பேய்ப்படம் எடுப்பது எப்படி: ழான் ரோலன் வழி

சேலத்தில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் பசங்களிடம் கதை கேட்டுப் பாருங்கள். நாலு நண்பர்கள் பைக்கில் ஏற்காடு போவார்கள், வழியில் மழை பிடிக்கும், ஒரு பழைய பங்களாவில் ஒதுங்குவார்கள், அங்கே வெள்ளைப் புடவையில் ஒரு பெண் நிற்பாள். கதையை எழுதி முடித்துவிட்டுத்தான் பங்களா தேடுவார்கள். வாடகையைக் கேட்டதும் சிலர் அப்படியே கீழே இறங்கிவிடுவார்கள், மற்றவர்கள் ஒரு லாட்ஜ் ரூமில் லைட்டை அணைத்துவிட்டு எடுப்பார்கள். படத்தைப் பார்த்தால் பேய் தெரியாது, லாட்ஜ் ரூம்தான் தெரியும்.

இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் இடம், அப்புறம்தான் கதை. வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய இப்படியே படம் எடுத்த ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், பெயர் ழான் ரோலன். 1938-இல் பாரிஸை ஒட்டிய ஊர் ஒன்றில் பிறந்தவர், 2010 டிசம்பரில் இறந்தார். ரத்தக் காட்டேரிப் படங்கள்தான் அவருடைய அடையாளம். கையில் எப்போதும் காசு கிடையாது, பெரிய ஸ்டார் கிடையாது, பிரான்ஸ் விமர்சகர்கள் ரொம்ப காலம் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை, கண்டுகொண்டபோது கேலி செய்தார்கள். அதற்கெல்லாம் நடுவில் ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய சொத்து என்று சொன்னால் ஒரு கடற்கரைதான்.

இடத்தைப் பிடிப்பது

பிரான்ஸின் வடக்குக் கரையான நார்மண்டியில் டியெப் ஊருக்குப் பக்கத்தில் பூர்வில் என்ற இடம். கூழாங்கல் கரை, பின்னால் செங்குத்தாக வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அலையைத் தடுக்க நட்ட மரக்கட்டைகள் அரித்துப்போய் வரிசையாகக் கடலுக்குள் இறங்கும். இளம் வயதில் பார்த்த அந்த இடம் மனுஷனுக்கு மண்டையில் ஏறிவிட்டது. 1958-இல் எடுத்த முதல் குறும்படமே அங்கேதான். பிறகு பெரிய படங்கள் எடுக்க ஆரம்பித்ததும், கதை பாரிஸில் தொடங்கட்டும், கோட்டையில் தொடங்கட்டும், ஆட்கள் எப்படியாவது அந்தக் கரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், சும்மா நடந்தும் வருவார்கள். காட்டேரிக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று பார்க்கிறவனுக்குக் கேட்கத் தோன்றாது, அந்த இடமே அவனைச் சம்மதிக்க வைத்துவிடும்.

உங்களுடைய பூர்வில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. லேடீஸ் சீட் வேண்டாம், பகோடா பாயின்ட் வேண்டாம், ஏரி வேண்டவே வேண்டாம். படகுச் சத்தம், மிளகாய் பஜ்ஜிக் கடை, செல்ஃபி எடுக்கிற குடும்பம், இதையெல்லாம் ஃப்ரேமிலிருந்து துரத்துவதற்குள் வெளிச்சம் போய்விடும். அதோடு, எல்லாரும் பார்த்த இடம் யாரையும் பயமுறுத்தாது. கல்யாண வீடியோவில் பார்த்த பாறையில் பேய் உட்கார்ந்தால் பின்னால் ட்ரோன் ஷாட் வரும் என்றுதான் ஜனங்கள் காத்திருப்பார்கள்.

மலையில் நான் சொல்வது காபி எஸ்டேட்டுகளின் உள்பக்கம். நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரங்கள் நேர்நேராக நிற்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே இடுப்பளவுக்குக் காபிச் செடி. எந்த வரிசையில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி. சில எஸ்டேட்டில் மரத்துக்கு மரம் பெயின்ட்டில் எண் எழுதியிருப்பார்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். காபிக்கொட்டை காய வைக்கிற சிமென்ட் களமும் நல்ல இடம். அறுவடை கார்த்திகை மார்கழியை ஒட்டி வரும், மற்ற மாசங்களில் பல களங்கள் வெறிச்சோடித்தான் கிடக்கும்.

மலை ஏறவே வேண்டாம் என்றால் கீழேயே இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற திசையில் தெரியுமே வெள்ளை வெள்ளையாகக் கரடு, மேக்னசைட் வெட்டி எடுத்த இடங்கள், நம் ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் அதற்குச் சாக் ஹில்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். ரோலனுடைய சுண்ணாம்புப் பாறைக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு சொந்தக்காரன் கிடைக்கமாட்டான். சுரங்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், குழி ஆழம் வெளியிலிருந்து தெரியாது, ஓரம் சரியும். பொது ரோட்டிலிருந்து அந்த வெள்ளை மேட்டைப் பின்னணியாக வைத்து ஒரு ஆளை நிறுத்தினாலே போதும்.

இடம் முடிவானதும் கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள். விடிகாலை ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம் நிற்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, ஒரு ஆள் எவ்வளவு தூரம் போனால் மறைந்துபோகிறான், இதெல்லாம் நோட்டில் எழுதுங்கள். கதையில் பாதி அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

இடத்திலிருந்து கதையை எடுப்பது

ரோலன் படங்களில் முதலில் பார்க்க வேண்டியது ‘தி அயர்ன் ரோஸ்’, 1973. கதை இவ்வளவுதான்: ஒரு பையனும் பெண்ணும் ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறார்கள், பொழுது போய்விடுகிறது, வெளியே வர வழி தெரியவில்லை. ஆமியான் ஊரில் இருக்கிற நிஜமான கல்லறைத் தோட்டத்தில் எடுத்தது. பேய் வந்து துரத்தாது, காட்டேரி யாரையும் கடிக்காது. பகலில் யார் யாரோ கடந்து போவார்கள், ஒரு கோமாளி வந்து ஒரு கல்லறையில் பூ வைத்துவிட்டுப் போவான், ஏன் என்று கடைசிவரை சொல்லமாட்டார். ராத்திரி ஆக ஆகப் பையன் மிரள்கிறான், பெண்ணுக்கு இடம் பிடித்துப்போகிறது. பயமே அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது.

இதை அப்படியே காபித் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், பஸ்ஸை விட்டுவிட்டார்கள், குறுக்கு வழி என்று எஸ்டேட்டுக்குள் இறங்குகிறார்கள். மூடுபனி. 114 என்று எழுதிய மரத்தைத் தாண்டுகிறார்கள். பத்து நிமிஷம் நடந்தபிறகு மறுபடி 114. அவன் நடையை வேகப்படுத்துகிறான். மூன்றாவது தடவை 114 வரும்போது அவள் மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறாள், ஏதோ வீட்டுக் கதவைத் தொட்ட மாதிரி. அவ்வளவுதான், எட்டு நிமிஷப் படம் ரெடி. ஒரு மரம், இரண்டு ஆள், ஒரு சாயங்காலம். எண் எழுதாத எஸ்டேட் என்றால் ஒரு துண்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், மரத்தில் நீங்களாகப் பெயின்ட் அடித்துவைக்காதீர்கள், அடுத்த டீமுக்கும் சேர்த்து கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

இன்னொரு வழியும் ரோலனிடம் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்: அந்த மண்ணின் தொழிலிலிருந்தே பயத்தை எடுப்பது. 1978-இல் எடுத்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் டெத்’ படத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்து ஒயினில் கலந்து, குடித்த கிராமமே அழுகிய உடம்போடு வெறிபிடித்து அலையும். செவென் மலைப் பகுதியில், கல்வீடும் காற்றுமாக இருக்கிற கிராமங்களில் எடுத்தது. பிரான்ஸில் ரத்தமும் சதையுமாக வந்த ஆரம்பகாலப் படங்களில் இதையும் சொல்வார்கள். 1982-இல் வந்த ‘தி லிவிங் டெட் கேர்ள்’ படத்திலும் அப்படித்தான், நிலவறையில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து போட்ட ரசாயனப் பீப்பாய் உடைந்து, செத்துக் கிடந்த பெண் எழுந்துவிடுவாள். சாபம், மந்திரம், மாந்திரீகம் ஒன்றும் கிடையாது.

நமக்கு இந்த மாதிரி விஷயத்துக்கா பஞ்சம்? சேலத்திலிருந்து ஆத்தூர்ப் பக்கம் போனால் சேகோ பேக்டரிகள், அதாவது ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து எடுத்த மாவைக் களத்தில் பரப்பிக் காய வைத்திருப்பார்கள், வெயிலில் கண் கூசும், கிழங்குத் தண்ணியின் புளித்த நாற்றம் தூரத்திலேயே வரும். அந்தக் களத்தின் நடுவில் தலையிலிருந்து கால்வரை மாவு படிந்த ஒரு ஆள் அசையாமல் நிற்கிறான், மதியம் பன்னிரண்டு மணிக்கு. மாவில் அவன் வந்த கால்தடம் இல்லை. இதற்கு ஒரு லைட் கூட வேண்டாம். மரவள்ளித் தழையைத் தின்று ஆடு செத்த கதையைக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தச் செடியில் இருக்கிற சயனைடு சமாச்சாரம் அது, பச்சைத் தழையை அதிகம் மேய்ந்தால் ஆடு மாடு செத்துப்போகும். இங்கிருந்து ஒரு கதை கட்ட ஒரு மணி நேரம் போதும். உண்மையான பேக்டரியின் பெயர்ப்பலகை மட்டும் ஃப்ரேமில் விழக்கூடாது.

பொருள்

ரோலன் காட்சிகளில் எது நினைவில் நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும். 1971-இல் வந்த ‘தி ஷிவர் ஆஃப் தி வேம்பயர்ஸ்’ படத்தில் ஆளுயரக் கடிகாரத்துக்கு உள்ளேயிருந்து காட்டேரி வெளியே வருவாள். ‘ரெக்வியம் ஃபார் எ வேம்பயர்’ படம் ஆரம்பிக்கும்போதே கோமாளி வேஷம் போட்ட இரண்டு பெண்கள் காரில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு தப்பி ஓடுவார்கள். ‘ஃபேசினேஷன்’ படத்தில் ஒரு பெண் கருப்பு அங்கியோடு அரிவாளை, நம் கதிரரிவாள் இல்லை, நீளக் காம்பு போட்ட பெரிய அரிவாளை, பிடித்துக்கொண்டு பாலத்தில் நிற்பாள். இதில் எதற்கும் கிராபிக்ஸ் கிடையாது. அந்தப் பொருளைக் கொண்டுபோய் அங்கே வைத்தார், நேராகக் கேமராவை வைத்து எடுத்தார், முடிந்தது.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி பதித்த பழைய இரும்பு பீரோ ஒன்றைக் காபிக் களத்தின் நடுவில் நிறுத்துங்கள். யாரும் இல்லை, பனி, பீரோ மட்டும். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, உள்ளே மடித்து வைத்த துணி. இதைப் பார்த்த எவனும் அடுத்த ஷாட் வரை மொபைலைக் கீழே வைக்கமாட்டான். பீரோவை மேலே ஏற்ற சின்ன யானை வண்டி ஒன்று பேசிக்கொள்ளுங்கள், மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு, கதவைக் கயிற்றால் கட்டாமல் ஏற்றினால் கண்ணாடி போய்விடும். சலூன் நாற்காலி, கல்யாண மேடையில் போடுகிற சிவப்பு சோபா, ஆஸ்பத்திரிக் கட்டில், இவையும் நன்றாக வேலை செய்யும்.

சில பொருளைத் தொடாதீர்கள். முனியப்பன் கோயில் சிலைகள் பார்க்க எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும் பேய்ப் படத்துக்குள் கொண்டுவராதீர்கள், ஜனங்களுக்கு அது குலதெய்வம், அப்புறம் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சேர்வராயன் கோயிலுக்கும் இதே பேச்சு. கொலுசுச் சத்தமும் வேண்டாம். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர்தான், செவ்வாப்பேட்டையில் பட்டறை பட்டறையாகச் செய்கிறார்கள்தான், இருந்தாலும் பேய்க்குக் கொலுசு மாட்டினது போதும். வெள்ளைப் புடவைக்கும் அதே தண்டனை. மார்கழிக் குளிரில் மலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவருக்குக் குரங்குக் குல்லாவும் சால்வையும் போட்டு, முகம் தெரியாமல் முதுகைக் காட்டி உட்கார வைத்துப் பாருங்கள்.

பனியும் வெளிச்சமும்

ஏற்காட்டுப் பனியை நம்பி ஷூட்டிங் போடலாம், ஆனால் நேரம் குறித்துப் போட முடியாது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் காலையில் கிடைக்க வாய்ப்பு அதிகம், மழைக்காலத்தில் மேகமே இறங்கி ரோட்டில் நடக்கும். வந்ததும் முதலில் தூர ஷாட்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். முகத்தைக் கிட்டத்தில் எடுக்கிற ஷாட்களைப் பனி போனபிறகும் எடுத்து ஒப்பேற்றலாம், பின்னால் ஒரு இலைக் கூட்டம் இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. இதை மாற்றிச் செய்தவர்கள், அதாவது பனியில் க்ளோஸப் எடுத்துவிட்டு வெயிலில் வைட் எடுத்தவர்கள், எடிட்டிங்கில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

மொபைலில் எடுத்தால் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள். பனியில் மொபைல் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், ஷாட் முழுக்க மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள், ஒரு ஷாட் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வந்துவிடும். கரண்ட் விளக்கு வைத்து எடுத்தால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இதில் விளக்கு துடிக்காது. ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும், பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுத் துடையுங்கள்.

பனி வராத அன்று இலையைக் கொளுத்திப் புகை போடலாம் என்று ஒருத்தன் கட்டாயம் சொல்வான். விடாதீர்கள். மாசி பங்குனியில் காய்ந்து கிடக்கிற மலை, ஒரு பொறி போதும். வீட்டுக்குள் எடுக்கிற காட்சிக்குச் சாம்பிராணி சரி.

ராத்திரிக் காட்சியை ராத்திரியில் எடுக்க வேண்டாம். சூரியன் மறைந்து இருபது நிமிஷம் வானம் கருநீலமாக இருக்கும், அதில் எடுத்தால் போதும், ராத்திரி என்றே நம்புவார்கள், மொபைலிலும் புள்ளி புள்ளியாக வராது. இன்னொரு காரணமும் உண்டு. எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணன் ஒருவர் எங்கள் டீமிடம் சொன்னது:

“தம்பி, இருட்டறதுக்குள்ள கீழ இறங்கிருங்க. மாடு வரும்.”

“மாடுதானுங்கண்ணா, விரட்டிக்கலாம்.”

“அது உங்கூட்டு மாடு இல்லீங்க தம்பி, காட்டுமாடு.”

அதற்கப்புறம் யாரும் நைட் எஃபெக்ட் பற்றிப் பேசவில்லை.

ரோலன் கலர் லைட்டும் போட்டிருக்கிறார், ‘ஷிவர்’ படத்தில் கோட்டை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக இருக்கும், கொஞ்சம் நாடக மேடை மாதிரியே இருக்கும், அது அவருக்குப் பிடித்த விஷயம். நமக்கு வேண்டுமென்றால் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற ஜெலட்டின் பேப்பரை எல்இடி விளக்கின் மேல் ஒட்டினால் போதும். ஒரு காட்சிக்கு ஒரு கலர், அதற்கு மேல் போனால் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி ஆகிவிடும்.

பேசவே வேண்டாம்

நம்மாட்கள் குறும்படத்தில் பேசிப் பேசியே கொல்வார்கள். “மச்சி, இந்த பங்களாவுல முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு தெரியுமா?” என்று ஒருத்தன் ஆரம்பித்தால் அங்கேயே படம் செத்துவிட்டது. ‘ரெக்வியம்’ படத்தில் கிட்டத்தட்ட முதல் பாதியில் வசனமே கிடையாது என்று சொல்லிவிடலாம். இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், கல்லறைக்குள் விழுகிறார்கள், பார்க்கிறவன் அவர்கள் யார் என்று தெரியாமலே பின்னால் போகிறான். இதில் கலை மட்டும் இல்லை, சிக்கனமும் இருக்கிறது. வசனம் இல்லையென்றால் லைவ் சவுண்ட் தொல்லை இல்லை, காற்றில் மைக் இரையாது, நடிக்கத் தெரியாத நண்பன்கூட நன்றாக நடிக்கிற மாதிரி தெரிவான்.

ரோலன் படங்களில் நடித்தவர்களில் நிறையப் பேர் தொழில்முறை நடிகர்கள் இல்லை. காஸ்டல் என்ற இரட்டைச் சகோதரிகளை மறுபடி மறுபடி நடிக்க வைத்தார், அவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே காட்சி வேறு மாதிரி ஆகிவிடும். உங்கள் சொந்தத்தில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தால் அத்தையிடமோ சித்தியிடமோ இப்போதே சொல்லி வையுங்கள். ஆட்களிடம் நடிக்கச் சொல்லாதீர்கள். மெதுவாக நட, அங்கே பார், நான் சொல்லும்வரை கண்ணைச் சிமிட்டாதே, இவ்வளவு சொன்னால் போதும்.

சத்தம் தனியாகப் பிடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் செய்யுங்கள். சில்வர் ஓக் உச்சியில் காற்று, பூச்சி இரைச்சல், தூரத்தில் வளைவில் பஸ் ஹாரன். ஆடி மாசம் என்றால் எங்கோ ஒரு ஊரில் பம்பை அடிப்பார்கள், அது மலையில் மோதி வருகிற சத்தத்தை எந்த ஆப்பிலும் வாங்க முடியாது. இசைக்கு ரோலன் ‘ஷிவர்’ படத்தில் அகாந்தஸ் என்ற பேர் தெரியாத இளைஞர் பேண்டைப் பிடித்தார், கோட்டைக்கும் காட்டேரிக்கும் சம்பந்தமே இல்லாத கிடார் இரைச்சல், அதுதான் இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச வைக்கிறது. காலேஜில் பேண்ட் வைத்திருக்கிற ஒருத்தனைக் கேளுங்கள், யூடியூப் ஹாரர் மியூசிக் வேண்டாம்.

அனுமதி

எஸ்டேட் எல்லாம் தனியார் இடம், மேனேஜரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும், எத்தனை பேர், எந்த நேரம், என்ன எடுக்கப் போகிறோம் என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்கக்கூடாது. ட்ரோனுக்குத் தனி விதிகள் இருக்கின்றன, பேய்ப் படத்துக்கு ட்ரோன் தேவையும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ரோட்டின் நடுவில் ஆளை நிறுத்தி எடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

தோற்றால் என்ன ஆகும்

இதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. ரோலனின் முதல் பெரிய படம் முதலில் ஒரு குறும்படம். இன்னொரு பழைய அமெரிக்கப் படத்தோடு சேர்த்துக் காட்ட எடுத்தது. நன்றாக வந்திருக்கிறதே, முழுப் படமாக்கிவிடு என்றார்கள். சிக்கல் என்னவென்றால் முதல் பகுதி முடிவிலேயே முக்கியமான ஆட்களை எல்லாம் கொன்றுவிட்டிருந்தார். என்ன செய்வது, காட்டேரிப் படம்தானே, இரண்டாவது பகுதியில் எழுப்பிவிட்டார். 1968 மே மாசம், பாரிஸ் தெருவெல்லாம் மாணவர் கலவரம், வேறு புதுப்படம் அதிகம் இல்லாத நேரம், கூட்டம் வந்தது, வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. அதுதான் அவருடைய அறிமுகம்.

‘அயர்ன் ரோஸ்’ படுத்தது. அதற்கப்புறம் வயிற்றுப்பாட்டுக்கு வேறு பெயரில் வயது வந்தோருக்கான படங்களை எடுத்தார், அதில் சம்பாதித்த காசில் தன் படத்தை எடுத்தார். வேறொரு இயக்குநர் வராமல் போனதால் கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டு எடுக்க வைத்த, 1981-இல் வெளிவந்த ‘ஸோம்பி லேக்’ என்று ஒரு படம் இருக்கிறது, தன் பெயரையே போட்டுக்கொள்ளவில்லை, பார்த்தால் ஏன் என்று புரியும். ரோலனைத் தெரிந்துகொள்ள அதிலிருந்து தொடங்காதீர்கள். 1990-களில் இங்கிலாந்தில் ரெடெம்ப்ஷன் என்ற கம்பெனி வீடியோ கேசட்டாகப் போட ஆரம்பித்த பிறகுதான் வெளிநாட்டில் ரசிகர் கூட்டம் சேர்ந்தது, அதற்குள் அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. உடம்பு முடியாமல் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த காலத்திலும் எடுத்தார், 1997-இல் தன் நாவலையே படமாக்கினார்.

பார்க்கிற வரிசை என்று கேட்டால்: ‘அயர்ன் ரோஸ்’, அடுத்து ‘லிப்ஸ் ஆஃப் பிளட்’. 1975-இல் வந்த அந்தப் படத்தில் ஒருவன் விளம்பர போஸ்டர் ஒன்றில் இடிந்த கோட்டையைப் பார்த்ததும் சின்ன வயசில் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தது ஞாபகம் வந்து தேடிக்கொண்டு போவான். ஒரு இடத்தின் போட்டோவை வைத்தே கதை கட்டிய விதத்துக்காகவே பார்க்கலாம். பிறகு ‘கிரேப்ஸ்’, பிறகு ‘லிவிங் டெட் கேர்ள்’. நிர்வாணக் காட்சிகள் உண்டு, சிலவற்றில் தாராளமாகவே, ஹாலில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து போட்டுவிடாதீர்கள். அதில் பாதி அந்தக் காலத்து விநியோகஸ்தர்களுக்காகச் சேர்த்தது மாதிரிதான் எனக்குப் படுகிறது, எடுத்துவிட்டாலும் படத்துக்கு ஒன்றும் குறையாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதை இல்லை.

வெளியூர்க்காரர் கதையாகவே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏற்காடு ரோட்டில் இன்றைக்கும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குப் பின்னால்தான் டி.ஆர். சுந்தரம் நூற்றுக்கும் மேல் படம் எடுத்துத் தள்ளினார், 1947-இல் ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’, 1956-இல் கலரில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. மாயமும் மந்திரமும் சேலத்துக்குப் புதுசு இல்லை. ஆனால் அவருக்குச் சொந்தமாக ஸ்டூடியோ இருந்தது, செட் போட்டார். நமக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் ரோலனைச் சொல்கிறேன்.

எடிட்டிங்கும் அதற்குப் பிறகும்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, லேப்டாப் தாங்கினால் அது போதும். வெட்டும்போது அவசரப்படாதீர்கள். போதும் என்று தோன்றுகிற இடத்திலிருந்து இன்னும் மூன்று விநாடி ஷாட்டை விட்டு வையுங்கள், பார்க்கிறவன் ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று தானாகவே தேட ஆரம்பிப்பான். திடுக்கென்று சத்தம் போட்டுப் பயமுறுத்துவதை ஒரு தடவைக்கு மேல் வைக்காதீர்கள், வைக்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

மூலக் காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ரோலன் படங்களை நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயரில், வெட்டியும் ஒட்டியும் வெளியிட்டார்கள், ‘ரெக்வியம்’ அமெரிக்காவுக்கு ‘கேஜ்ட் வர்ஜின்ஸ்’ என்ற பெயரில் போனது. உங்கள் படத்தை யாராவது சேனலுக்குக் கேட்டால் முழு ஃபைலைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் யார் எந்தப் பெயரில் போடுவார்கள், வெட்டுவார்களா என்று எழுதி வாங்குங்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் உடனே யூடியூபில் ஏற்றவும் வேண்டாம், ஏற்கெனவே பொதுவில் வந்த படத்தைச் சில விழாக்களில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கிற மாதிரி அன்லிஸ்டடில் வைத்து, முதல் லிங்க்கை எஸ்டேட் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அடுத்த படத்துக்கும் அதே களம் வேண்டியிருக்கும்.